இரவல் போன ஐந்து தட்டுகள்

களஞ்சியத்தில் உள்ள அசையும் பொருள் எதுவாயினும், பெறுபவரின் கையொப்பம் பற்றுச்சீட்டில் விழுந்த பின்னரே வாசலைத் தாண்டலாம். முப்பத்தொரு வருடங்கள் இலங்கையின் வடக்கில், அரசாங்கக் கச்சேரி அலுவலகங்களில் களஞ்சியப் பொறுப்பாளனாக இருந்து இந்த விதியை நான் காத்தேன். வெள்ள நிவாரணத்துக்குக் கூடாரம் கேட்டு வந்தவரை மழையிலேயே நிறுத்தி, மூன்று பிரதிகளில் ஒப்பம் வாங்கியிருக்கிறேன். மேலதிகாரியின் மனைவி வீட்டு விசேஷத்துக்கென்று ஆறு நாற்காலி கேட்டு ஆள் அனுப்பியபோது, வெறும் படிவத்தோடு ஆளைத் திருப்பி அனுப்பினேன். அதற்காக எனக்கு ஓர் இடமாற்றம் கிடைத்தது. அதையும் நான் பெருமையாகவே ஏற்றுக்கொண்டேன்.

அப்படிப்பட்ட என் வீட்டிலிருந்து, தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஐந்து அலுமினிய அடுக்குத் தட்டுகள் பற்றுச்சீட்டு இல்லாமல் வெளியேறின. அவற்றைக் காரில் ஏற்றுவதற்கு ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்ததும் நான்தான்.

அப்போது நாங்கள் கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய மில்லிக்கனில் இருந்தோம். பின்வளவில் செடி வளர்க்க ஒரு சிறிய கண்ணாடிவீடு. கண்ணாடிவீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஆறடிக்கு எட்டடி அளவில், அலுமினியச் சட்டங்களில் பிளாஸ்டிக் தகடு பொருத்திய கூடு அது. நான் ஓய்வு பெற்று எத்தனையோ வருடங்கள் ஆன பின்னர், ஓய்வுக்கான பரிசென்று மகளும் மருமகனும் பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கூட்டிப் பொருத்த எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. கையேட்டில் பன்னிரண்டாம் படி இருக்க வேண்டிய இடத்தில் பதினான்காம் படி இருந்தது. அதைச் சுட்டிக்காட்டித் தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதிவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் வேலையை முடித்தேன்.

அந்தக் கூட்டில் என் மனைவி வளர்த்தது வல்லாரை. வேறொன்றுமில்லை. தக்காளி போடலாமே என்று கேட்டவர்களை அவள் பரிதாபமாகப் பார்த்தாள். ஒரு வியட்நாமியர் கடையில் வாங்கிய வாடிய வல்லாரைப் பிடிக்குள் வேரோடு ஒரு தண்டு அகப்பட்டிருந்தது. அதை நட்டு, பிரித்து, மீண்டும் நட்டு, இரண்டு வருடத்தில் பதினொரு தட்டம் நிறைய ஆக்கியிருந்தாள்.

இதை ஒரு வயதான பெண்ணின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக் கூடாது. கொழும்பில் இருந்த அவளுடைய மூத்த சகோதரிக்கு ரெலிபோன் எடுத்தபோது, ஒருநாள் அந்தச் சகோதரியே, "நீங்கள் ஆர் பிள்ளை கதைக்கிறது?" என்று கேட்டார். பெயரைச் சொன்ன பிறகும் மரியாதையாக அதே கேள்வி. அன்றிலிருந்து என் மனைவி நாள் தவறாமல் வல்லாரை தின்றாள். ஞாபகத்துக்கு நல்லது என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நிரூபித்தவர் எவரையும் நான் கண்டதில்லை. காலையில் கோப்பை கழுவும்போது, தெரிந்தவர்களின் ரெலிபோன் இலக்கங்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். முதலில் மகள் வீடு, பிறகு தம்பி வீடு, கடைசியாகக் கொழும்பு. கொழும்பு இலக்கத்தைக் கடந்துவிட்டால் தண்ணீரை நிறுத்துவாள்.

வல்லாரைக்கு ஆழமான சாடி தேவையில்லை, பரந்த தட்டங்கள் போதும். பதினொரு தட்டங்களைத் தரையில் பரப்பினால் மனிதர் உள்ளே கால் வைக்க இடமில்லை. ஆகவே தட்டு அடுக்கு ஒன்று வேண்டியிருந்தது. அத்துடன், உறைபனி விழத் தொடங்கும்போது தட்டங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையான பேஸ்மென்ற்றுக்குள் போக வேண்டும். எங்கள் பேஸ்மென்ற்றின் ஒரே ஜன்னல், இந்த நகரத்தின் வழமைப்படி, கூரையோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. தரையில் வைத்தால் வெளிச்சம் படாது. எனவே கோடையில் கண்ணாடிவீட்டிலும் மாரியில் அந்த ஜன்னலுக்குக் கீழும் நிற்கக்கூடிய, கழட்டிப் பூட்டும் அடுக்குத்தான் எங்கள் தேவை. இதை நான் எழுத்தில் வரையறுத்தேன்: அறுபது வயதைக் கடந்த இருவர், கருவி எதுவுமின்றி, அரை மணி நேரத்துக்குள் கழட்டிப் படியிறக்க வேண்டும்.

மூன்று விலைமனுக்கள் கோரினேன். முதலாவது, பக்கத்து வீட்டு மன்னார்க்காரர் கொடுத்தது. வார நாட்களில் தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமைகளில் தச்சுவேலை. பலகையால் அடித்து, கூட்டின் சட்டத்தோடு ஆணியால் இறுக்கித் தருவதாகச் சொன்னார். கழட்ட முடியாதது என் நிபந்தனைகளுக்குப் பொருந்தாது என்று விளக்கினேன்.

"அண்ணை, கழட்டுற சாமான் ஒருநாளைக்குக் கழண்டு போகும். ஆணி அடிச்சது அங்கையே நிக்கும்," என்றார் அவர்.

அதை நான் குறிப்பேட்டில் 'விலைமனுதாரரின் பொதுவான கருத்து' என்ற தலைப்பில் பதிந்து, அவரை நிராகரித்தேன்.

இரண்டாவது, ஒரு பெரிய கடையில் இருந்த கம்பித் தட்டு. ஒன்றுக்கு மேல் ஒன்றாக நான்கு. மேல்தட்டு கீழ்த்தட்டுக்கு வெளிச்சத்தை மறைக்கும் என்று மனைவி சொன்னாள். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவில் அவள் ஒருத்திதான் இருந்தாள், ஆகவே தீர்ப்பு ஏகமனதானது.

மூன்றாவது, பக்கத்து நகரமான மார்க்கத்தில் மூடப்படவிருந்த ஒரு செடிக்கடையில் கண்டது. அலுமினியம். ஐந்து தட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் படிபடியாக ஏறும். எந்தத் தட்டும் எதற்கும் நிழல் போடாது. ஒவ்வொன்றும் கொளுவியில் மாட்டியிருந்தது, தூக்கினால் கையோடு வந்துவிடும். ஆனால் பேஸ்மென்ற் படிக்கட்டின் திருப்பத்தில் பக்கச்சட்டம் திரும்புமா என்பதுதான் கேள்வி. வாங்கிவிட்டுப் பார்ப்பது நடைமுறையல்ல. அளவெடுத்து, குளிர்சாதனப் பெட்டி வந்த காட்போட் அட்டையில் அதே அளவுக்கு ஒரு மாதிரி வெட்டி, இருவரும் அதைப் படியால் இறக்கிப் பார்த்தோம்.

"இஞ்சாருங்கோ, காட்போட் வளையுது. அலுமினியம் வளையுமோ?" என்று திருப்பத்தில் அகப்பட்டு நின்ற மனைவி கேட்டாள்.

"வளையாதெண்டு நினைச்சுக் கொண்டு பிடியும்."

"நினைச்சுக் கொண்டே பிடிச்சால் நான் எப்பிடி வெளியிலை வாறது?"

மூன்றாம் முயற்சியில் அவளும் மாதிரியும் வெளியே வந்தார்கள். கொள்வனவு அங்கீகரிக்கப்பட்டது. அந்தக் கோடை முழுவதும் வல்லாரை ஐந்து படிகளிலும் பச்சையாக ஏறி நின்றது. ஒரு கொள்வனவில் எந்தத் தவறும் நிகழாதது என் அனுபவத்தில் அது முதல் தடவை.

இனி சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகளின் மாமனார். மனைவியை இழந்தவர், மார்க்கத்தில் மகனோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளும் மருமகனும் மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது கூட வருவார். ஊரில் அவர் கணக்காய்வுத் திணைக்களத்தில் இருந்தவர். என்னைப் போன்றவர்களிடம் 'இது ஏன் குறைகிறது' என்று விளக்கம் கேட்பதையே தொழிலாகச் செய்தவர். ரொறன்ரோவில் அந்தத் திறமைக்கு வேறு பயன் இல்லாததால், தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் இயங்கிய ஒரு சிவன் கோவிலின் செயலாளராகியிருந்தார். நான் பெண்ணைக் கொடுத்தவன், அவர் மாப்பிள்ளையைப் பெற்றவர். எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நவராத்திரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட கையோடு அவர் கண்ணாடிவீட்டைப் பார்க்க வந்தார். தட்டுகளின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"சம்பந்தி, உது கொலுப்படி எல்லோ?"

"இல்லை. வல்லாரைத் தட்டு."

"ஐஞ்சு படி. ஒற்றைப்படை. ஏறுவரிசை. கழட்டியும் கொண்டு போகலாம்." கணக்காய்வாளருக்கே உரிய நிதானத்தோடு ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்துத் திரும்ப மாட்டினார். "கோவிலிலை இந்த முறை மேசைக்கு மேலை மேசை வைச்சுக் கொலு வைக்கப் போகினமாம். போன வருசம் சரஸ்வதி சரிஞ்சு போனா. விஜயதசமி முடிஞ்ச மற்ற நாள் திருப்பித் தாறன்."

பற்றுச்சீட்டுப் புத்தகம் என் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. கனடாவுக்கு வரும்போது காபன் தாளோடு கொண்டுவந்திருந்தேன். நடந்தால் இருபது அடி. ஆனால் சம்பந்தியிடம் கையொப்பம் கேட்பது எப்படி? கேட்டால் அன்று மாலையே மகளுக்கு, "உங்கடை அப்பா என்னை நம்பேல்லை" என்று போய்ச் சேரும். நான் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

விஜயதசமி முடிந்தது. மற்ற நாள் வந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமையும் வந்தது, சம்பந்தியும் வந்தார், தட்டு வரவில்லை. உறைபனி அறிவித்திருந்தார்கள். தரையில் கிடந்த பதினொரு தட்டங்களையும் நாங்கள் பேஸ்மென்ற்றுக்கு இறக்கியிருந்தோம். ஜன்னல் வெளிச்சத்தை எட்டும் உயரத்தில் எதெல்லாம் இருந்ததோ அதன் மீதெல்லாம் வைத்தோம். அயன் பண்ணும் பலகையில் இரண்டு. ஏணியில் மூன்று. வாஷிங் மெசினுக்கு மேல் இரண்டு. மீதி நான்கு தரையில். மெசின் உடுப்புப் பிழியும் நேரத்தில் ஒரு தட்டம் மெல்ல மெல்ல நடந்து விளிம்புக்கு வரும். அந்த நேரத்தில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுப்பு வழங்கப்பட்டது.

மனைவிக்கு ஒரு யோசனை வந்தது. நேரே கேட்கத்தான் முடியாது, ஞாபகப்படுத்தலாமே. அந்த ஞாயிறு சம்பந்திக்குத் தேங்காயோடு அரைத்த வல்லாரைச் சம்பல் வைத்தாள். அவர் அதை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"தங்கச்சி, இதைச் சாப்பிட்டால் பழசெல்லாம் திரும்பி வருது. எழுபத்திரண்டிலை ஒரு அரசாங்கக் கந்தோரிலை கதிரை, மேசை எண்ணப் போனனான். கதிரை மூண்டு குறையுது. ஒருத்தனும் வாய் திறக்கேல்லை. கடைசியிலை அந்த மூண்டும் ஒரு கலியாண வீட்டிலை இருந்து பிடிபட்டுது."

"இரவல் குடுத்தவை போலை," என்றாள் மனைவி.

"ஓம். குடுத்தவருக்குத் திருப்பிக் கேக்க வெக்கம்," என்று சிரித்தார் சம்பந்தி.

குசினிக்குள் வந்து மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "பழசு வருகுது. புதுசுதான் வரேல்லை. அடுத்த கிழமை கொஞ்சம் கூடப் போட்டுப் பாப்பம்."

அடுத்த கிழமை கூடப் போட்டாள். அவருக்கு அறுபத்தெட்டாம் ஆண்டும் ஞாபகம் வந்தது. தரையில் இருந்த நான்கு தட்டங்களும் மஞ்சளாகிவிட்டன. மீதியில் பெரும்பகுதியைச் செயலாளரின் நினைவாற்றலை வளர்ப்பதற்காக நாங்களே அரைத்துக்கொண்டிருந்தோம்.

நான் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். கோவில் செயலாளருக்குக் கடிதம் எழுதினேன். 'மேற்படி பொருள் தொடர்பாக, கொலு நிறைவடைந்துள்ளமையைக் கருத்திற்கொண்டு, ஐந்து தட்டுகளையும் இரண்டு பக்கச்சட்டங்களையும் மீளளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதம் கிடைத்ததற்கான அட்டையில் சம்பந்தியின் ஒப்பம் வந்தது. இந்த விவகாரத்தில் அதுவரை அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே ஒப்பம் அதுதான். அதற்கடுத்த ஞாயிறு அவர் என் எதிரே அமர்ந்து, காலநிலை பற்றியும் கால்வலி பற்றியும் கதைத்துவிட்டுப் போனார். நானும் கடிதம் பற்றி வாய் திறக்கவில்லை. அலுவலக விடயத்தைச் சாப்பாட்டு மேசையில் எழுப்புவது ஒழுங்கல்ல. ஒரு வாரம் பொறுத்து நினைவூட்டல் அனுப்பினேன். இன்னும் ஒரு வாரத்தில் இரண்டாவது நினைவூட்டல்.

கார்த்திகை விளக்கீட்டுக்குக் கோவிலுக்குப் போனோம். வெளியே சேறும் வீதிக்குத் தூவிய உப்பும் கலந்த பனி. வாசலில் சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு நிமிர்ந்தால், என் முன்னால் என் தட்டுகள். ஐந்து படிகளிலும் பனிச்சப்பாத்துகள். ஐந்து வாரத்துக்கு முன் முப்பெருந்தேவியர் நின்ற உச்சிப் படியில் யாரோ ஒருவரின் முழங்கால் உயரப் பூட்ஸ் கம்பீரமாக நின்றது. பக்கச்சட்டத்தில் ஒரு சிட்டை: கோவிலின் பொருட்பதிவு இலக்கம். அதன் கீழே சிவப்பு மையில், 'உபயம்: ஓர் அன்பர்.'

ஒழுங்கு பார்த்துக்கொண்டு நின்ற தொண்டர் பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, "அங்கிள், உங்கடையை மூண்டாம் தட்டிலை வையுங்கோ. கீழ்த் தட்டு சின்னப் பிள்ளையளுக்கு," என்றாள்.

வைத்தேன். வேறென்ன செய்வது. பதிவேட்டில் இலக்கம் ஏறிய பொருளை எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். உபயம் என்று எழுதியாகிவிட்ட பொருளை எடுக்கவே முடியாது. சிவன் சொத்து குலநாசம். எங்கள் குலத்தில் இருந்ததே ஒரு மகள், அவளும் செயலாளரின் மருமகள்.

காரில் திரும்பும்போது மனைவி, "ஓர் அன்பராம்," என்று மட்டும் சொன்னாள்.

டிசெம்பர் தொடக்கத்தில் ஒருநாள் காலை குசினியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் மேசையில் இருந்து மூன்றாவது நினைவூட்டலை எழுதிக்கொண்டிருந்தேன். மகள் வீட்டு இலக்கம் கேட்டது. தம்பி வீட்டு இலக்கம் கேட்டது. கொழும்பு இலக்கத்தின் நடுவில் சத்தம் நின்றது. தண்ணீர் மட்டும் ஓடியது. நான் தலையை நிமிர்த்தினேன். அவள் கோப்பையைப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். மீண்டும் அதே இடத்தில் நின்றது.

"எட்டோ, ஆறோ?" என்று என்னைத் திரும்பிப் பாராமலே கேட்டாள்.

"ஆறு," என்றேன். ரெலிபோன் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன், அவளுக்கு அது தெரியாது.

பேஸ்மென்ற்றில் அப்போது மிஞ்சியிருந்தவை இரண்டு தட்டங்கள். நான் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தைக் கிழித்தேன். ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் வாழ்நாள் அனுபவத்தில் அதற்குப் படிவம் இருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பலைச் சம்பந்தியின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தபோது மனைவி சொன்னாள்:

"அண்ணை, இதுதான் கடைசிச் சம்பல்."

அவருடைய கை சோற்றில் நின்றது. "ஏன் தங்கச்சி?"

"வல்லாரை செத்துப் போகுது. வெளிச்சத்திலை தூக்கி வைக்கத் தட்டில்லை. தட்டு உங்கடை கோவில் வாசலிலை சப்பாத்துச் சுமக்குது. வல்லாரை இல்லாட்டில் எனக்கு அக்காவைப் போலை வந்திடுமெண்டு பயமாக் கிடக்கு. பைத்தியக்காரப் பயமா இருந்தாலும் அது என்ரை பயம்."

மகள் மருமகனைப் பார்த்தாள். மருமகன் தண்ணீர் கிளாசைப் பார்த்தான். நான் யாரையும் பார்க்கவில்லை.

"ஏன் முதலே ஒருத்தரும் கேக்கேல்லை?" என்றார் சம்பந்தி.

"மூண்டு கடிதம் போட்டனான்," என்றேன்.

"அது செயலாளருக்கு வந்தது. செயலாளர் நிகழ்ச்சி நிரலிலை போட்டிருக்கிறார். சம்பந்திக்கு ஒண்டும் வரேல்லையே." அவர் பகிடி விடவில்லை. நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். சம்பலைச் சோற்றோடு குழைத்தார். "தங்கச்சி, இனி அது சிவன் சொத்து. குடுக்கேலாது."

மனைவி மீதிச் சம்பலையும் வழித்து அவருடைய சோற்றில் போட்டாள்.

"ஆனால் இரவல் குடுக்கலாம்," என்றார்.

மறுநாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சம்பந்தி தட்டுகளைக் காரின் கூரையில் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மேலங்கிக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். மூன்று பிரதிகள். 'கோவிலுக்குச் சொந்தமான, கழட்டிப் பூட்டக்கூடிய அலுமினியத் தட்டு அடுக்கு ஒன்று, அடுத்த நவராத்திரி வரை, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.'

"இதிலை ஒருக்கா ஒப்பம் வையுங்கோ, சம்பந்தி. குறை நினைக்காதேங்கோ. உங்களுக்குத் தெரியாத முறையோ?"

என் சொந்தத் தட்டை இரவலாகப் பெற்று மூன்று தடவை கையொப்பமிட்டேன். படிவம் பிழையற்றது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 'நல்ல நிலையில்' என்பதற்கு முன்னால் 'உப்புக் கறைகள் தவிர' என்று சேர்த்துச் சிறு ஒப்பமிட்டேன். அவர் அதை மதித்துத் தலையசைத்தார்.

மனைவி தட்டுகளை மஞ்சள் தண்ணீரால் மூன்று தரம் கழுவினாள். படிக்கட்டின் திருப்பத்தில் பக்கச்சட்டம் சற்றும் சிக்காமல் திரும்பியது. காட்போட்டில் செய்த பரீட்சை வீணாகவில்லை. இரண்டு தட்டங்களும் உச்சிப் படியில், ஜன்னலுக்கு நேரே ஏறின. தைப்பொங்கலுக்கு இரண்டு நான்காகியது. மாசியில் ஏழு. காலையில் இலக்கங்கள் கொழும்பு வரை போய்ச் சேர்ந்தன. ஒரு சில நாட்களில் நடுவில் சற்றுத் தயங்கி, பிறகு போய்ச் சேர்ந்தன. வல்லாரையினால்தான் என்று நான் எந்த அறிக்கையிலும் எழுத மாட்டேன். அந்தத் தயக்கத்தின்போது பேனையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க மட்டும் பழகிக்கொண்டேன்.

சம்பந்தி ஞாயிறுகளில் வழமைபோல வந்தார். சம்பல் சாப்பிட்டார். சாப்பிட்டதும் ஒரு நடை பேஸ்மென்ற்றுக்கு இறங்கி, தட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு மேலே வருவார். அது அவருடைய கடமை.

பிறகு ஒருநாள் தபாலில் கோவிலின் முத்திரையோடு ஓர் உறை வந்தது. என் முதலாவது கடிதத்துக்கும் இரண்டு நினைவூட்டல்களுக்கும் சேர்த்து நிர்வாகசபை அனுப்பிய பதில். மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினாள். 'தங்கள் கோரிக்கை சபையின் கூட்டத்தில் கவனமாக ஆராயப்பட்டது. எனினும், தாங்கள் குறிப்பிடும் பொருள் தற்போது கோவிலில் இல்லை. அது அன்பர் ஒருவருக்கு இரவலாக வழங்கப்பட்டுள்ளது. அவர் அதைத் திருப்பி ஒப்படைத்ததும் தங்களுக்கு அறியத்தரப்படும்.' கீழே சம்பந்தியின் ஒப்பம், இம்முறை முழுப்பெயரோடு.

அவள் கடிதத்தை மடித்தாள். "அந்த அன்பர் ஆரெண்டு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றாள். தோள்கள் குலுங்கச் சிரித்துக்கொண்டே கோப்பு எங்கே இருக்கிறதென்று என்னைக் கேளாமல் தானே எடுத்து, வந்த கடிதங்கள் இருக்கும் பக்கத்தில் செருகினாள். நான் வழக்கப்படி அதன் மூலையில் கிடைத்த திகதியைக் குறித்தேன்: 1997 மார்ச் 14, வெள்ளிக்கிழமை.